மேற்கே போன தண்ணீர் கிழக்கே வந்த கதை

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



ஆறு எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறதோ, அந்தப் பக்கத்து ஜனங்களுக்குத்தான் அதன் தண்ணீர். காவிரிக் கரையிலே பிறந்தவருக்குக் காவிரி, தாமிரபரணிக் கரையிலே பிறந்தவருக்குத் தாமிரபரணி. இது இயற்கை வகுத்த பாகப்பிரிவினை. ஆனால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கயம் வட்டாரத்து வாய்க்கால்களில் ஓடுகிற தண்ணீர் அப்படி வந்ததல்ல. அதை இயற்கை மேற்கே அரபிக் கடலுக்குத்தான் அனுப்பி வைத்தது. மனிதர்கள் மலைக்குள்ளே வழி குடைந்து, அதைக் கிழக்கே திருப்பிக்கொண்டு வந்தார்கள். அதுதான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். பி.ஏ.பி. என்று நாம் சுருக்கிச் சொல்கிறோமே, அதேதான்.

அந்தத் திட்டத்தின் பெரிய நீர்த்தேக்கமான பரம்பிக்குளம் அணைக்கு இன்றைக்கு உங்களை அழைத்துக்கொண்டு போகிறேன். அணையையும் பார்ப்போம், அது வந்த வரலாற்றையும் பார்ப்போம். திரும்பி வரும்போது, நம் மடையில் வந்து விழுகிற தண்ணீருக்கு என்ன விலை என்று நமக்கே தெரிந்துவிடும்.

மழை அந்தப் பக்கம், மண் இந்தப் பக்கம்

ஆனி, ஆடி மாதங்களில் ஆனைமலையின் மேல் தென்மேற்குப் பருவ மழை கொட்டித் தீர்க்கிறது. வால்பாறைக்குப் பக்கத்திலுள்ள சின்னக்கல்லார், தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. அதே ஆடி மாதத்தில் பல்லடத்திலும் காங்கயத்திலும் என்ன நடக்கிறது? காற்றுத்தான் அடிக்கிறது. மேகம் மலையிலேயே தன் சுமையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு நம் தலைக்கு மேலே போகிறது. மழை மறைவுப் பிரதேசம் என்று இதைச் சொல்வார்கள்.

நம் பெரியவர்கள் இந்தப் பூமியில் கிணறு வெட்டி, கவலை பூட்டி, எருதை முன்னும் பின்னும் நடக்க வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். பருத்தியும் சோளமும் கம்பும் விளைவித்தார்கள். கிணறு வற்றினால் இன்னும் பத்தடி ஆழம் வெட்டினார்கள். மண்ணும் உண்டு, உழைப்பும் உண்டு, தண்ணீர்தான் இல்லை. மலைக்கு அந்தப் பக்கமோ தண்ணீர் உண்டு. நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம் ஆறு, தூணக்கடவு ஆறு, பெருவாரிப்பள்ளம் ஆறு என்று எல்லாமே, நீராறு பெரியாற்றோடும் மற்றவை சாலக்குடி ஆற்றோடும் சேர்ந்து, மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அணையைப் பார்க்கப் போகும் வழி

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்சிலிப் வரும். வெள்ளைக்காரர் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி, மேலே இருந்து சரிவிலே சறுக்கி விடுவார்களாம். அதனால் வந்த பெயர் அது. அங்கிருந்து மேலே போனால் கேரள வனத்துறையின் சோதனைச் சாவடி. ஆமாம், பரம்பிக்குளம் இருப்பது கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் அங்கே போகும் சாலை தமிழ்நாடு வழியாகத்தான் போகிறது. நிலம் அவர்களுடையது, அணையைக் கட்டியதும் பராமரிப்பதும் ஷட்டரை இயக்குவதும் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

இப்போது அந்தக் காடு முழுவதும் புலிகள் காப்பகம். 2010ஆம் ஆண்டிலிருந்து அப்படி. ஆகவே நினைத்தபடி நுழைய முடியாது. அனுமதி வாங்கி, வனத்துறை சொல்கிறபடிதான் போக வேண்டும். பிளாஸ்டிக் பை கொண்டுபோகக் கூடாது. தண்ணீரைக் கண்டதும் இறங்கிக் குளிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதிலே முதலை இருக்கிறது.

முதலில் தூணக்கடவு அணை வரும். அதன் அருகே கன்னிமாரா தேக்கு என்று ஒரு பிரம்மாண்டமான மரம். நாலைந்து பேர் கைகோத்து நின்றால்தான் அதைச் சுற்றிப் பிடிக்கலாம். அந்த மாதிரித் தேக்குகளுக்காகத்தான் முன்பு கொச்சி சமஸ்தானத்தார் 1907இல் இந்தக் காட்டிலிருந்து சாலக்குடி வரைக்கும் டிராம் வண்டிப் பாதை போட்டார்கள். அந்தக் காலத்தில் இந்த மலையிலிருந்து மரம்தான் செல்வம். தண்ணீரும் செல்வம் என்று கண்டுகொள்ள இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று.

அதைத் தாண்டிப் போனால் பரம்பிக்குளம் அணை. சுற்றிலும் காடு, நடுவிலே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அணையின் உயரம் 73 மீட்டர். நிறைந்திருந்தால் கொள்ளளவு ஏறக்குறைய 17.8 டி.எம்.சி. இதே திட்டத்தைச் சேர்ந்த சோலையாறு அணை இதைவிட உயரம், 105 மீட்டர். ஆனால் அதில் பிடிப்பது 5.4 டி.எம்.சி.தான். உயரமான அணையில் குறைந்த தண்ணீரா என்று கேட்பீர்கள். ஒன்று குறுகிய கழுத்துச் செம்பு. இன்னொன்று அகன்ற அண்டா. பள்ளத்தாக்கின் வயிறு எப்படியோ அப்படித்தான் அணையின் கொள்ளளவு.

டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. நம் கணக்கிலே சொல்கிறேன். ஒரு டி.எம்.சி. தண்ணீரை ஏறக்குறைய 23,000 ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிறுத்தலாம். இந்தக் கணக்கையும் மறந்துவிடாதீர்கள்.

தண்ணீர் மேடேறுமா?

விவசாயிகள் சுற்றுலாவில் அங்கே போகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு பெரியவர் கேட்டது இது: "ஏனுங்க, அணைய இங்க கட்டீட்டுத் தண்ணிய நம்மூருக்கு எப்படீங்க கொண்டு போறாங்க? மலை குறுக்க நிக்குதே. தண்ணி மேடேறுமுங்களா?"

நியாயமான கேள்வி. தண்ணீர் மேடேறவில்லை, அதை எங்கேயும் மோட்டார் வைத்து ஏற்றவும் இல்லை. மாடிப்படி இறங்குகிற மாதிரி படிப்படியாக இறங்கித்தான் வருகிறது.

மேல்படியில் நீராறு. அதன் தண்ணீர் சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்கு வருகிறது. சோலையாறு, கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 3,300 அடி. அங்கிருந்து மின் நிலையத்தில் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, பரம்பிக்குளத்துக்கு வருகிறது. பரம்பிக்குளம் 1,800 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கம் தூணக்கடவுக்கு. தூணக்கடவும் பெருவாரிப்பள்ளமும் ஒன்றோடொன்று இணைந்தவை. தூணக்கடவிலிருந்து மலையின் குறுக்கே குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்குச் சரிவிலே சர்க்கார்பதிக்கு வந்து, அங்கேயும் மின்சாரம் கொடுக்கிறது.

சர்க்கார்பதியில் இரண்டு வழி. ஒரு வழி ஆழியாறு அணைக்கு. இன்னொரு வழி காண்டூர் கால்வாய். இது மலையின் இடுப்பிலே ஒட்டியாணம் கட்டின மாதிரி, மட்டம் பிசகாமல், சரிவை ஒட்டியும் இடையிடையே சுரங்கத்துக்குள் புகுந்தும் 49 கிலோமீட்டர் ஓடித் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. திருமூர்த்தி 1,300 அடிக்கு மேலே இருக்கிறது. மலையடிவாரம்தான் என்றாலும், அதற்குக் கீழே இருக்கிற நம் வயல்கள் எல்லாம் அதைவிடத் தாழ்வு. அதனால் பிரதான கால்வாய் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் தண்ணீர் தானாகவே பாய்கிறது. பெரியவருக்கு இதைச் சொன்னபோது அவர் சொன்னார்: "அப்படீன்னா மலையே நமக்கு மேட்டு மடைங்க." அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு அரசு, ஒரு தண்ணீர்

சுரங்கம் வெட்டுவது கஷ்டம்தான். ஆனால் அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருந்தது. 1956 நவம்பரில் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தன. முன்பு கொச்சி சமஸ்தானத்துக் காடாயிருந்த பரம்பிக்குளம் புதிய கேரள மாநிலத்துக்குள் வந்தது. அணை கட்ட வேண்டிய இடம் அங்கே. தண்ணீர் வேண்டிய வயல் இங்கே. சென்னையில் காமராஜர் தலைமையில் காங்கிரஸ் அரசு. திருவனந்தபுரத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு. கொள்கையிலே இருவரும் எதிரும் புதிரும். ஆனாலும் உட்கார்ந்து பேசினார்கள்.

இந்தப் பக்கத்தில் பேச்சுக்கு முன்நின்றவர், பொள்ளாச்சி வட்டாரத்து விவசாயக் குடும்பத்திலே பிறந்த அமைச்சர் சி. சுப்பிரமணியம். பின்னாளில் மத்திய அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வழிகோலியவரும் அவரே. வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிசாமி கவுண்டர், பொள்ளாச்சி நா. மகாலிங்கம் ஆகியோர் பெயரையும் இந்த வட்டாரத்து ஜனங்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள்.

1961 அக்டோபரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1960களில் அணைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. தண்ணீரும் வந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து எப்போது விழுந்தது தெரியுமா? 1970 மே 29ஆம் தேதி! அதற்குள் இங்கே கலைஞர் கருணாநிதி முதலமைச்சர். அங்கே அச்சுத மேனன். ஒப்பந்தம் 1958 நவம்பர் 9ஆம் தேதியிலிருந்தே செல்லும் என்று எழுதிக் கொண்டார்கள். அதாவது, பத்திரம் எழுதுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே, வாய்ப்பேச்சையும் நம்பிக்கையையும் வைத்து வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊரிலே பொது வரப்புத் தகராறு பேசித் தீர்க்கவே பத்து வருஷம் ஆகிறது. இரண்டு மாநிலம், இரண்டு மொழி, இரண்டு கட்சி. அவர்கள் வேலை நடக்கட்டும், பத்திரம் வரட்டும் என்று போனார்கள்.

இதில் நாம் மட்டும் வாங்கிக் கொள்ளவில்லை, கொடுக்கவும் ஒப்புக்கொண்டோம். கேரளத்துக்கு வருஷத்தில் சோலையாற்றிலிருந்து 12.3 டி.எம்.சி. தர வேண்டும். ஆழியாற்றின் வழியாக மணக்கடவில் 7.25 டி.எம்.சி. தர வேண்டும். அந்த மணக்கடவுத் தண்ணீரை நம்பித்தான் சித்தூர் வட்டாரத்து விவசாயிகள் நெல் நடுகிறார்கள். இங்கே நாம் ஆழியாற்றைப் பார்க்கிற மாதிரியே அங்கே அவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 30 வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்றும் விதி உண்டு. ஆகவே இது என்றைக்குமாய் எழுதி வாங்கின சொத்து இல்லை; நல்லுறவு இருக்கும் வரை நடக்கிற ஏற்பாடு.

விலை கொடுத்தவர்கள்

அணையின் மேல் நின்று பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு காடு இருக்கிறது. காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்ற மலைஜனங்கள் பரம்பிக்குளத்தில் இன்றும் குடியிருக்கிறார்கள். தேன் எடுத்ததும் கிழங்கு தோண்டினதும் மீன் பிடித்ததுமான அவர்களுடைய பள்ளத்தாக்குகளில் ஒரு பகுதிதான் நீரில் மூழ்கியது. அவர்களுக்குப் பாசன நிலம் கிடையாது. நம் தென்னைக்குப் பாய்கிற தண்ணீர் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறது.

மலைக்குள் சுரங்கம் வெட்டியவர்களையும் நினைத்துப் பாருங்கள். வெடி வைத்துப் பாறையை உடைத்து, புகையிலும் ஈரத்திலும் காய்ச்சலிலும் வேலை செய்தார்கள். உள்ளே போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு.

ஒரு ராத்திரியில் போன தண்ணீர்

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி, விடியும் முன்னே, பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவிலே இருந்தது சங்கிலி அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. அணை நிறைந்திருந்த சமயம். தண்ணீர் பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு மேற்கே சாலக்குடி ஆற்றுக்கு ஓடியது. ஷட்டர் மட்டத்துக்கு மேலே இருந்த தண்ணீர் முழுவதும் வடியும் வரைக்கும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏறக்குறைய 6 டி.எம்.சி. போய்விட்டது. நான் முன்னே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் ஓரடி உயரம் நிற்க வேண்டிய தண்ணீர்! பிறகு புது ஷட்டர் பொருத்தினார்கள். போன தண்ணீர் போனதுதான்.

அந்த வாரம் முழுவதும் ஊர்ஊராக இதே பேச்சு. "ஆறு டி.எம்.சி. போச்சே!" என்று மனம் பதறாத விவசாயி இல்லை. பதற வேண்டியதுதான். ஆனால் விவசாயப் பெருமக்களே, ஒரே ராத்திரியில் போனால் பேப்பரில் வருகிறது. தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால்?

முறை என்கிற அணை

திருமூர்த்தி அணையை நம்பியிருக்கிற பாசன நிலம் 3.77 லட்சம் ஏக்கர். பரம்பிக்குளம் அணை முழுதாக நிறைந்தாலும், அத்தனை நிலத்துக்கும் பகிர்ந்தால் ஏக்கருக்கு ஓரடி சொச்சம்தான் வரும். அதிலும் கேரளத்தின் பங்கு, ஆழியாற்றின் பங்கு, வழியிலே ஆவியாகிறது, கசிகிறது எல்லாம் போக வேண்டும். ஒரு போகம் மக்காச்சோளம் எடுக்கவே ஒன்றரை அடிக்கு மேல் தண்ணீர் வேண்டும். மலை இனியும் பல தடவை நிறைத்துக் கொடுத்தாலும், எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க முடியாது.

அதனால்தான் நான்கு மண்டலமாகப் பிரித்தார்கள். ஒரு மண்டலத்துக்கு ஏறக்குறைய 94,000 ஏக்கர். ஒரு மண்டலத்துக்குத் திறந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஒருமுறை வந்தால் மறுமுறை வர இரண்டு வருஷம் போலே ஆகிவிடும். அந்த முறையிலும் இருப்பைப் பொறுத்துச் சுற்றுச் சுற்றாகத்தான் தண்ணீர். இரண்டு வருஷம் காத்திருந்த கடைமடைக்காரருக்குத் தன் சுற்றிலே தண்ணீர் வராவிட்டால் எப்படி இருக்கும்? வெள்ளகோவில் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

தண்ணீர் எங்கே போகிறது? கால்வாய்க் கரையிலே ஆழ்துளைக் கிணறு போட்டு இழுப்பது, ராத்திரியில் டியூப் போட்டு உறிஞ்சுவது, மதகை அரையடி கூடுதலாகத் தூக்குவது. இந்தத் திருட்டு பற்றி உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போயிருக்கிறது. இரண்டு மாநிலம் பேசிப் பகிர்ந்துகொண்ட தண்ணீரை ஒரே வாய்க்கால்காரர்கள் பகிர்ந்துகொள்ள முடியவில்லை என்றால், அது யாருக்குப் பெருமை?

பயிரும் ஒரு காரணம். இந்தத் திட்டம் தண்ணீர் கொஞ்சமாகக் கேட்கிற பயிர்களுக்காகப் போட்டது: பருத்தி, கடலை, சோளம் போன்றவை. பிறகு தென்னை பரவியது. ஆள் பற்றாக்குறை, நிச்சயமான வருமானம் என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தென்னை வருஷம் பன்னிரண்டு மாதமும் தண்ணீர் கேட்கும். முறையோ சில மாதம்தான் வரும். மீதி மாதத்துக்கு எங்கே போவது? அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது.

ஆகவே சில யோசனைகள். புதிதாகத் தென்னை வைக்கிறவர்கள், வாய்க்கால் தண்ணீர் இல்லாத ஒன்றரை வருஷத்துக்குத் தன் கிணறு தாங்குமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். இருக்கிற தென்னைக்குச் சொட்டு நீர் போடுங்கள். வட்டப்பாத்தியில் மட்டையும் நார்க்கழிவும் போட்டு மூடாக்கு இடுங்கள். கடலை போட்டவர்கள் பூக்கும் சமயம், விழுது இறங்கும் சமயம், காய் பிடிக்கும் சமயம் இவற்றைத் தவறவிடாதீர்கள். சுற்று எப்போது வரும் என்று கேட்டு, அதற்கேற்ப விதையுங்கள். மக்காச்சோளத்துக்குப் பூவும் கதிரும் எடுக்கிற நாள்தான் உயிர் நாள். முறை வருவதற்கு முன்னே வயல் வாய்க்காலைத் தூர் எடுங்கள், வயலைச் சமப்படுத்துங்கள். ராத்திரி முறை வந்தால் மடையைத் திறந்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பாசன சபைகள் அமைந்திருக்கின்றன. நீங்களே ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அந்தச் சபைக் கூட்டத்துக்குத் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் சேர்ந்தே போங்கள். முடிந்தால் ஒரு தடவை எல்லாருமாக ஒரு வண்டி பிடித்துப் பரம்பிக்குளத்துக்கும் போய் வாருங்கள். அணையின் மேல் நின்று மேற்கே ஒருதரம் பாருங்கள். கிழக்கே ஒருதரம் பாருங்கள். தண்ணீர் தானாகப் போகிற வழி மேற்கே. கிழக்கே வருவது, பலபேர் ஒத்துக்கொண்டதாலே வருகிறது. கல்லாலும் சிமெண்டாலும் கட்டிய அணை மலையிலே இருக்கிறது. முறை என்கிற அணையை நாம்தான் நம் வாய்க்காலிலே கட்டிக் காப்பாற்ற வேண்டும். இரண்டில் எது உடைந்தாலும் தண்ணீர் நம் கையில் நிற்காது.

அடுத்த சுற்றுத் தண்ணீர் உங்கள் மடைக்கு வரும்போது, பக்கத்து மடைக்காரரிடம் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டு திறவுங்கள்.